காளீஸ்வரி கேட்டுக்கொண்டது

பிப்ரவரி 4, செவ்வாய்

கடன் வாங்கிக் கழித்தல் மூன்றாம் வகுப்புக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். கட்டைப் பிரித்தால்தான் கழிக்க முடியும் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். சிவதர்ஷினி முதலில் கண்டுபிடித்தாள். பக்கத்தில் இருந்த அய்யனாருக்கு நான் சொல்லிக் கொடுப்பதற்குள் அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் சொல்லித் தரும்போது குறுக்கே போகக் கூடாது. எனக்கு இந்தப் பொறுமை வர இத்தனை வருஷம் ஆயிற்று.

வகுப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைக்கச் சொன்னது தலைமையாசிரியை ரோஸ்லின் டீச்சர். எங்கள் பள்ளியில் நாங்கள் இருவர்தான். அவருக்கு நான்கும் ஐந்தும். எனக்கு முதல் மூன்று வகுப்புகள், ஒரே அறையில்.

வீட்டுக்காரர் இன்றும் இருட்டிய பிறகுதான் வந்தார். பட்டாசு செய்கிற பயராபீஸில் ஆள் பற்றாக்குறையாம். போர்மேன் என்ற பேருக்கு எல்லாப் பேச்சையும் தான்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றார். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் 'ள' வையும் 'ன' வையும் மாற்றிப் படிக்கிறார்கள். மணலில் விரலால் எழுத வைத்தேன். பலித்த மாதிரித்தான் தெரிகிறது.

பள்ளி விட்டதும் சிவதர்ஷினியின் அம்மா காளீஸ்வரி வந்தாள். அவர் போர்மேனாக இருக்கிற பயராபீஸில் வெடிக்குத் திரி வைக்கிறவள். மகளைக் கூட்டிப்போக வந்தவள் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"டீச்சர், ஒங்க வீட்டு அண்ணாச்சிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். ரெண்டு நாளா என்னைய மருந்து செலுத்துற அறைக்குப் போகச் சொல்றாக. எனக்கு அது பழக்கமில்ல. வெயில் ஏறுனப்புறமும் செய்யச் சொல்றாக. கை நடுங்குது டீச்சர்."

சொல்கிறேன் என்றேன். ராத்திரி வீட்டில் அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். இரும்பு பீரோ ஆடியது. கரும்பலகையில் சாய்த்து வைத்திருந்த ஸ்கேல் விழுந்தது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெடிச்சத்தத்துக்கு அழ மாட்டார்கள். எந்தத் திசை என்று பார்ப்பார்கள். எல்லாரும் தெற்கு ஜன்னலுக்கு ஓடினார்கள். புகை வெள்ளையாக எழும்பி, பிறகு கறுத்தது. அதன் பிறகுதான் அழுதார்கள்.

கதவைப் பூட்டி, யாரையும் வெளியே விடாமல் வைத்திருந்தேன். ரோஸ்லின் டீச்சர் தம் வகுப்பையும் என் அறைக்கே கூட்டி வந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாரையும் கைகோத்து உட்கார வைத்தேன். வாசலில் ஒவ்வொரு அப்பாவாக வந்து பெயர் சொல்லி அழைக்க, அழைத்த பிள்ளையை மட்டும் அனுப்பினோம்.

பிறகு என் வீட்டுக்காரர் போன் செய்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. போனை அணைச்சு வைக்கப் போறேன்" என்றார். யார் யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளி விடுமுறை. அவர் வீட்டுக்கு வரவில்லை, போனும் அணைந்தே இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து உடல்களைக் கொண்டு வந்தார்கள். முகம் பார்க்க யாரையும் விடவில்லை. சிவதர்ஷினியின் அம்மா. அய்யனாரின் அம்மா. இன்னும் கீழத்தெருவில் இரண்டு வீடு, பக்கத்து ஊரில் ஒரு வீடு.

நான் தெருமுனை வரை போனேன். அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பி வந்துவிட்டேன். ரோஸ்லின் டீச்சர் எல்லா வீட்டுக்கும் போய் வந்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளி திறந்தது. பாதிப் பேர்கூட வரவில்லை. காலை உணவுக்குப் பொங்கல். தட்டில் வாங்கினார்கள், தின்னவில்லை.

தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. இனி மணி வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னேன். வாசலில் நின்று கை தட்டி அழைக்கிறோம்.

செய்யக்கூடாதவை என்று சிலது இன்று கற்றுக்கொண்டேன். அய்யனாரின் அம்மா தூங்குகிறார் என்று யாரோ அவன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் இருக்கும் அந்தப் பிள்ளை, தூங்கினால் தானும் எரிந்துவிடுவோமா என்று கேட்டது. தூக்கம், சாமியிடம் போனது, ஊருக்குப் போனது என்று ஒன்றும் சொல்லக் கூடாது. செத்துப்போய்விட்டார்கள், இனி வர மாட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன். என் வாயிலிருந்து அது வரச் சிரமமாக இருந்தது. கேட்ட பிள்ளை தலையை ஆட்டிவிட்டு என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பாடம் எதுவும் நடத்தவில்லை. புளியங்கொட்டையையும் காராமணியையும் கலந்து கொட்டி, பிரித்து வைக்கச் சொன்னேன். கைக்கு வேலை இருந்தால் பிள்ளைகள் பேசுகிறார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேசுவதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சிவதர்ஷினி இன்று வந்தாள். தலை வாரியிருந்த விதத்திலேயே அவளுடைய அப்பா வாரியது தெரிந்தது. லாரியில் மூட்டை ஏற்றுகிற கை.

அவள் வந்து உட்கார்ந்ததும் அய்யனார் பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டாம் வகுப்போடு போய் உட்கார்ந்தான். மற்றவர்களும் தள்ளி உட்கார்ந்தார்கள். இடம் மாற்றி உட்கார வைத்தேன். இடைவேளை முடிந்து வந்தபோது மறுபடியும் அவளைச் சுற்றி வெறும் தரை.

காரணத்தைச் சத்துணவு சமைக்கிற அக்கா சொன்னார். காளீஸ்வரி, போர்மேன் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாமென்று தானாகவே மருந்து அறைக்குள் போய் மருந்தை அழுத்தித் தேய்த்துவிட்டாளாம், அதில்தான் வெடித்ததாம். ஊரெல்லாம் அதுதான் பேச்சாம். இதைச் சொல்லிவிட்டு, அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் அடுத்த பாடம் 'மை ஃபேமிலி'. அதை விட்டுவிட்டு விலங்குகளுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 1, சனி

அவர் வந்துவிட்டார். முதலாளியின் வக்கீல் முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இளைத்திருக்கிறார். குளித்துவிட்டு வந்ததும் தோசை வார்த்துக் கொடுத்தேன். போலீஸ் விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன், காளீஸ்வரி சொல்பேச்சுக் கேட்காமல் உள்ளே போயிட்டா என்றார்.

அப்படியும் இருக்கலாம். பழக்கமில்லாத வேலையில் பதறியிருப்பாள்.

நேற்றுக் காளீஸ்வரிக்குப் பதினாறாம் நாள் காரியம். மற்ற வீடுகளுக்குப் போன ஜனம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று ரோஸ்லின் டீச்சர் போனில் சொன்னார். வாங்கி வந்த வாழை இலையில் முக்கால்வாசி அப்படியே கிடந்ததாம்.

மார்ச் 4, செவ்வாய்

படம் வரையச் சொன்னேன். எதை வேண்டுமானாலும் வரையலாம் என்றேன். கறுப்பு கிரேயான் போதவில்லை. உடைத்து உடைத்துக் கொடுத்தேன்.

சிலர் வரைந்துவிட்டு அதன் மேலேயே கறுப்பைத் தேய்த்தார்கள். தடுக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. "இது என்னன்னு சொல்றியா?" என்று மட்டும் கேட்டேன். விருப்பமிருந்தவர்கள் சொன்னார்கள்.

சிவதர்ஷினி ஒரு அறையும் அதற்கு வெளியே ஒரு பெண்ணும் வரைந்திருந்தாள். அறைக்குக் கதவு வரையவில்லை. கேட்டேன். அவள் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

மார்ச் 8, சனி

குறுவள மையக் கூட்டம். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். துயரத்தில் இருக்கிற பிள்ளைகளை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று என்னைப் பேசச் சொன்னார் ரோஸ்லின் டீச்சர். மறுத்தேன். இந்தப் பகுதியில் இது எல்லாருக்கும் ஒருநாள் தேவைப்படும் என்றார்.

பேசினேன். மணியை நிறுத்தியது, விதை பிரித்தது, 'தூங்குகிறார்' என்று சொல்லக் கூடாதது, படங்களைச் சுவரில் மாட்டக் கூடாதது, அழுகிற பிள்ளையைத் தைரியமாக இரு என்று அடக்கக் கூடாதது, அம்மா இல்லாத பிள்ளைக்குத் தனிச் சலுகை கொடுத்து மற்றவர்கள் முன் குறுகவைக்கக் கூடாதது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்ன வயது ஆசிரியை எழுந்தார். வேலைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். "மேடம், பிள்ளைங்க நம்மளப் பாத்து, இது யாரு செஞ்ச தப்புன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டார்.

கையிலிருந்த தாளை மடித்தேன். அது விசாரணையில் இருக்கிற விஷயம், நாம் பேசக் கூடாது என்று வட்டாரக் கல்வி அலுவலர் குறுக்கிட்டார். டீ வந்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் டீச்சர் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். காளீஸ்வரி மாட்டேன் என்று சொன்னாளா?

முதலில் கோபப்பட்டார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த வாரம் மருந்து செலுத்துகிற ஆண்கள் யாரும் வரவில்லை, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் லாரி ஏற்றியாக வேண்டுமென்று முதலாளி வந்து தலைமேல் நின்றுகொண்டிருந்தார். இதையெல்லாம் சொன்னார். நான் மறுபடியும் அதையே கேட்டேன்.

"சொன்னா" என்றார்.

"நானும் ஒங்ககிட்டச் சொன்னேன்."

"சொன்ன."

"பெறகு ஏன் அவ பேர்ல போட்டீங்க?"

கை சோற்றிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். "அவ செத்துட்டா ஜெயா. நான் உசுரோட இருக்கேன். நீ யாரைப் பாக்கணும்?"

எனக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கல்யாணமான புதிதில் இவரும் ஒரு விபத்தில் முதுகில் வெந்து, வாழை இலையில் படுத்துக் கிடந்தவர்தான். அந்தத் தழும்பில் நான்தான் எண்ணெய் தடவுவேன். கோவையில் படிக்கும் மகனிடம் நேற்றுக்கூட போனில், ஒன்றும் பயப்படாதே என்று சொன்னவர். இவர் கெட்டவர் இல்லை என்று எழுத வந்தேன். அதை எழுதி என்ன செய்வது?

மார்ச் 12, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றபோது சிவதர்ஷினியின் கை அய்யனார் மேல் பட்டிருக்கிறது. அவன் அவளைத் தள்ளிவிட்டான். சிமெண்டுத் தரையில் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. அவள் அழவில்லை. அவன்தான் அழுதான். "ஒங்கம்மாதான வெடிக்க வச்சா. எங்கம்மா பக்கத்து அறையில சும்மாதான இருந்துச்சு" என்றான்.

சிவதர்ஷினி தரையிலிருந்தபடியே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு, என் முன்னால் உட்கார்ந்து, வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறாள்.

முழங்கையைக் கழுவிவிட்டு, எல்லாரையும் உள்ளே வரச் சொன்னேன். வட்டமாக உட்கார வைத்து நானும் தரையில் உட்கார்ந்தேன். பெரிதாக எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"சிவதர்ஷினி அம்மா அந்த அறைக்குத் தானாப் போகல. பழக்கமில்லாத வேலை, வெயில்ல செய்யக் கூடாது, நான் மாட்டேன்னு சொன்னாங்க. என்கிட்ட வந்தும் சொன்னாங்க, இந்த வாசல்ல நின்னு. நான் எங்க வீட்டு சார்கிட்டச் சொன்னேன். அதுக்குப் பிறகும் அவருதான் அவங்களப் போகச் சொன்னாரு."

அய்யனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சாரா?" என்று கேட்டான்.

"சாரும், சாருக்கு மேல இருக்கிற முதலாளியும். சிவதர்ஷினி அம்மா இல்ல. ஒங்கம்மா மாதிரிதான் அவங்களும்."

எட்டு வயதுப் பிள்ளைகள் தலையில் இதை ஏற்றலாமா என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் அவர்கள் தலையில் ஏற்கனவே ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. அது பொய். நான் ஏற்றியது பொய் இல்லை.

அய்யனார் பாயைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பள்ளி விடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 13, வியாழன்

பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே கேட்டில் கூட்டம். ஒருவர், சாட்சி சொல்லவா பிள்ளைகளை அனுப்புகிறோம் என்றார். இன்னொருவர், இவ்வளவு நாளாக ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்றார். இரண்டாவது ஆள் கேட்டது சரிதான்.

அய்யனாரின் அப்பாவும் வந்திருந்தார். ஓரமாக நின்றிருந்தவர், கூட்டம் கலைந்த பிறகு காளீஸ்வரியின் வீட்டுப் பக்கம் நடந்து போனார். உள்ளே போனதைச் சத்துணவு அக்கா பார்த்திருக்கிறார்.

ரோஸ்லின் டீச்சர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கோட்டாட்சியர் விசாரணை செவ்வாய்க்கிழமை இருக்கிறது, தெரிந்தவர்கள் யாரும் வந்து சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறார்கள் என்றார். "பிள்ளைங்ககிட்டச் சொன்னா மட்டும் போதுமா ஜெயக்கொடி?" என்று கேட்டார். போதாது என்று எனக்கும் தெரியும்.

வீட்டில் அவர் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணைக்கு ரோஸ்லின் டீச்சர் என்கூட வந்தார். காரிடாரில் பெஞ்சு போட்டிருந்தது. ஒரு முனையில் என் வீட்டுக்காரரும் வக்கீலும். மறுமுனையில் காளீஸ்வரியின் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு.

உள்ளே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவள் என்றைக்கு வந்தாள், என்ன சொன்னாள், நான் யாரிடம் சொன்னேன், அவர் என்ன ஒத்துக்கொண்டார். சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கணவருக்கு எதிராக என்பது தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். தெரிந்துதான் என்றேன்.

வெளியே வந்தபோது பெஞ்சிலிருந்து அவர் எழுந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று நானும் நின்றேன். என் கைப்பையின் ஜிப் திறந்திருப்பதைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

முன்ஜாமீனை ரத்து செய்து அவரைக் கைது செய்துவிட்டார்கள். முதலாளி தலைமறைவு. நாத்தனார் வந்து வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். மகன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

இரண்டாம் வகுப்பில் மூன்று பேரை வேறு பள்ளிக்கு மாற்றப் போவதாகச் சொல்கிறார்கள். இருக்கிறவர்களுக்கு இன்று நேரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அட்டைக் கடிகாரத்தில் முள் நிற்கவில்லை. பித்தளைப் பின்னை மாற்ற வேண்டும்.

ஜெயிலில் இருக்கிற அவரைப் பார்க்க மனு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. முதுகு அரிக்கிறது என்றார். எண்ணெய் உள்ளே கொடுக்க அனுமதி இல்லை.

ஏப்ரல் 16, புதன்

சிவதர்ஷினியின் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். ராஜபாளையத்தில் தன் அக்கா வீட்டோடு இருக்கப் போகிறார்களாம். மில்லில் வேலை கேட்டிருக்கிறார். அன்றைக்கு வாசலை மிதிக்காதவர்கள் எல்லாரும் இப்போது வீட்டுக்கு வந்து போகிறார்கள் டீச்சர், அதுதான் இங்கே இருக்க முடியவில்லை என்றார்.

அவர் ரோஸ்லின் டீச்சரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சிவதர்ஷினி என்னிடம் வந்தாள். புது ஹேர்பேண்டு. புதுப் பள்ளியில் கேட்டால் எதுவரை முடித்திருக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். பெருக்கல் முடித்தாயிற்று, வகுத்தல் பாதி. தலையை ஆட்டினாள். பிறகும் போகவில்லை.

"டீச்சர், சார் மேல நான் கோவமா இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"எங்கம்மா ஒங்ககிட்டதான மொதல்ல சொன்னாங்க."

"ஆமா."

"ஏன் அன்னைக்கே எல்லார்ட்டயும் சொல்லல? நான் திரும்ப ஸ்கூலுக்கு வந்த அன்னைக்கி."

"பயந்துட்டேன்."

அவள் ஹேர்பேண்டைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப ஒங்க மேலயும் இருக்கலாமா?"

டீச்சரிடம் அப்படிப் பேசக் கூடாது என்று அவளுடைய அப்பா உள்ளேயிருந்து அதட்டினார். விடுங்கள், கேட்கட்டும் என்றேன். அவளிடம், "இருக்கலாம்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல், அப்பாவுக்கு முன்னால் தனியாக கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.